முன்சக்கரத்து நான்கு கைகள்

வெல்டிங் கடைக்கு நல்ல நாளில் யாரும் வருவதில்லை. எதையாவது உடைத்துக்கொண்டுதான் வருவார்கள். கேட் கீல், பள்ளிக்கூடத்து ஊஞ்சல், முட்டைக்கோஸ் லாரியின் பின்கதவு என்று ஏதாவது ஒன்று. எப்படி உடைந்தது என்று விவரமாகச் சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்கும். ஒட்டி முடிக்கும்வரை நிற்க மட்டும் நேரம் இருக்காது, பஸ் போய்விடும். இந்தத் தொழிலில் இருந்து, கண் எரிந்து, உருளைக்கிழங்கைச் சீவி இமைமேல் வைத்துப் படுத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சொந்தமாக வண்டி கட்டுகிறேன் என்று இறங்கி, எங்களைப் போன்றவர்களின் கடை வாசலில் நின்று கால் கடுத்தவர்களுக்கும் வேண்டியதில்லை.

"எந்த வெல்டிங்ங்க நல்லது?" என்று கேட்காதவர்கள் குறைவு. கேஸா, ஆர்க்கா, பித்தளையா என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கத்துக் கடையில் டீ குடிக்கப் போய்விடுவார்கள். பதில் வரும்வரை போகாமல் நின்றவர்கள் என் கணக்கில் இரண்டு பேர். அவர்களால் எனக்கு நேர்ந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உடையாமல் வந்தவர்கள்

தொண்ணூறுகளின் தொடக்கம். குன்னூர் மார்க்கெட்டுக்குக் கீழே இருந்த என் கடைக்கு ஒரு காலையில் கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் செல்லையா, கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டர். அந்த அம்மாள் லெட்சுமி, அதே எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். ஊரே அவரை சிஸ்டர் என்று கூப்பிடும், புருஷனும் அப்படித்தான். இருவரும் சின்ன வயதில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர்கள். சிஸ்டருக்கு இடது கால் போலியோவில் சூம்பிப் போனது. இரும்புப் பட்டை கட்டிய பூட்ஸும் கைத்தடியுமாக நடப்பார்.

எஸ்டேட்டுக்கு மூன்று டிவிஷன். டிஸ்பென்சரி மேலே, ஃபேக்டரிக்குப் பக்கத்தில். கீழ் டிவிஷன் மலைச்சரிவின் அடியில், கொண்டை ஊசி வளைவுகளாகவே இறங்கும் எஸ்டேட் ரோட்டின் முடிவில் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் சிஸ்டர் அங்கே போய் பிள்ளைக் காப்பகத்தையும் கர்ப்பிணிகளையும் பார்க்க வேண்டும். அதுவரை கொழுந்து லாரியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். புதிதாக வந்த எஸ்டேட் மேனேஜர் துரை, லாரியில் இலையும் தபால் பையும் தவிர வேறெதுவும் ஏறக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் தானாகக் கீழே போய்வர ஒரு வழி செய்துகொள்ளாவிட்டால், நடக்க முடிந்த வேறு நர்ஸை வைத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். வேலை போனால் டிஸ்பென்சரிக்குப் பின்னால் இருந்த வீடும் போய்விடும்.

எனவே செல்லையா கார் கட்டினார். ஒதுக்கிப் போட்ட ஒரு பழைய காரின் இன்ஜினும் பின்பக்கமும் அவரிடம் இருந்தன. கிளச்சைக் கையால் பிடிக்கும்படி மாற்றியிருந்தார். முன்பக்கம் முழுக்கத் துருவாகிவிட்டதால் அதைப் புதிதாகச் செய்ய வேண்டும். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பிடித்துக்கொண்டு, பள்ளத்துக்கும் மேட்டுக்கும் ஏறி இறங்கும் பாகத்தை ஆர்ம் என்பார்கள். கை என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக நான்கு கைகள். டீப்பெட்டிப் பலகை ஒன்றின் பின்பக்கம் அவர் அவற்றைச் சாக்பீஸால் வரைந்து கொண்டுவந்திருந்தார். செய்வதற்குக் கொண்டுவந்த பைப்பைப் பார்த்தேன். வீட்டுக் குழாய்க்குப் போடும் ஜி.ஐ. பைப்.

"இது தண்ணிக் குழாய்ங்க. நெருப்பு வெச்சா வெள்ளைப் புகையா வரும், ஒட்டும் சரியா பிடிக்காது. தண்ணி போறதுக்குச் செஞ்சது, வண்டியைத் தாங்கறதுக்கு இல்லீங்க," என்றேன். அவ்வளவு பேசுவது எனக்கு அதிகம். செல்லையா, கொஞ்சம் வளைந்தாலும் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாமே என்றார்.

சிஸ்டர் கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ஒரு காலு ஏற்கனவே வளைஞ்சிருக்கு. சக்கரமும் வளைஞ்சா நான் எதுல நிக்கிறது?"

பாயின் பித்தளை

அடுத்த முறை செல்லையா கோயமுத்தூர்ப் பழைய இரும்புக் கடையிலிருந்து நீளவாக்கில் ஒட்டே இல்லாத, கனமான சீம்லெஸ் பைப் வாங்கி வந்தார். பார்த்ததும் பக்கத்துக் கடை அஷ்ரப் பாய் எழுந்து வந்துவிட்டார். பாய்க்கு ரேடியேட்டர் வேலை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் வண்டிகள் பாதியும் கொதித்துக்கொண்டே வருவதால் அவர் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. "பித்தளை ராடு வெச்சு ஒட்டு. நெருப்பு குறைச்சல், இரும்பு கெடாது. சைக்கிள் எல்லாம் எதுல நிக்குது? பித்தளையிலதானே," என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. பித்தளை இரும்பை உருக்காது, இரண்டு இரும்புக்கும் நடுவே ஓடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த நடு இடம் ஒரு தாள் கனத்துக்கு மேல் இருக்கக்கூடாது. சைக்கிள் செய்கிற இடத்தில் மெஷினில் கடைகிறார்கள். செல்லையா அரத்தால் ராவியிருந்தார், இடைவெளியில் தீக்குச்சியே நுழைந்தது. பாயே ஒட்டிக் காட்டினார். பொன் போலப் பளபளத்தது. பெஞ்சில் இருந்த வைஸில் இறுக்கி மாட்டி நீளக் கம்பியைச் செருகி நான் அழுத்தியதும், உரித்த பலாச்சுளை போலக் கழன்று வந்தது.

அதன்மேலேயே ஆர்க், அதாவது கரண்ட் வெல்டிங், வைத்துவிடலாமா என்றார் செல்லையா. பித்தளை ஒருமுறை பட்ட இரும்பில் ஆர்க் வைத்தால் உள்ளே விரிசல் ஓடும், அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான் என்று சொன்னேன். பாய் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கழன்ற துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் ஒட்டுறது தண்ணி ஒழுகாம இருக்க. ஆள் விழாம இருக்க ஒட்டிக் குடுன்னு எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

முறுக்கிக்கொண்ட கை

எனக்குக் கை பழகிய வேலை கேஸ்தான். கார்பைடில் தண்ணீர் விட்டுக் கேஸ் எடுத்த காலத்திலிருந்து செய்கிறேன். சுடரைப் பார்த்துக்கொண்டே, இரும்பு எப்போது இளகுகிறது என்று கண்ணால் கண்டு கம்பியை விடலாம். அவசரம் இல்லை, சத்தமும் இல்லை. என்னைப் போன்று அதிகம் பேசாதவர்களுக்கு ஏற்ற வேலை.

முதல் கையைக் கேஸிலேயே செய்தேன். ஒட்டு அழகாக வந்தது. ஆனால் கேஸின் சூடு ஒட்டுகிற இடத்தோடு நிற்பதில்லை, அந்தக் கையின் முழு நீளத்துக்கும் பரவும். சூடு ஏறும்போது பைப் ஒரு பக்கம் நீளும், ஆறும்போது இன்னொரு பக்கம் இழுக்கும். இதைத் தடுக்க இரும்புப் பலகையில் இறுக்கிக் கட்டித்தான் ஒட்டினேன். அவிழ்த்தபோது நேராகத்தான் தெரிந்தது. எஸ்டேட்டுக்குக் கொண்டுபோய் வண்டியில் பூட்டிப் பார்த்த செல்லையா, மறுநாளே கையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சக்கரம் ரெண்டும் புருஷன் பொஞ்சாதி சண்ட போட்ட மாதிரி நிக்குதுண்ணே. ஒண்ணு கோத்தகிரியப் பாக்குது, ஒண்ணு குன்னூரப் பாக்குது."

உருளை ஓடும் நேரம்

மிச்சம் இருந்தது ஆர்க். ராடு தொட்ட இடத்தில் மட்டும் சூடு வைத்து, சுற்றி இருப்பதை அவ்வளவாகக் கலைக்காமல் முடித்துவிடும். கனமான பைப்புக்கு அதுதான் தோது. ஆனால் எங்கள் ஊரில் ஆர்க் வைப்பவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. என் கடைக்கு வரும் கரண்ட் ஒரு டீ ஃபேக்டரிக்கும் போகிற லைனில் வந்தது. அவர்கள் இலையை அரைக்கும் உருளைகளை ஓட விட்டால், என் வெல்டிங் செட்டில் ஆர்க் மெலிந்து ராடு இரும்போடு ஒட்டிக்கொள்ளும். பிடுங்கி எடுத்து மறுபடி தொட வேண்டும். அப்படி விட்டு விட்டு வைத்த ஒட்டு மேலே பார்க்க மலை மாதிரி இருக்கும், உள்ளே பிடிப்பு இருக்காது. அதனால் நல்ல வேலைகளை ஃபேக்டரி ஓடாத நேரத்துக்கு ஒதுக்கி வைப்பேன். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் அந்த நேரம் சுருங்கிவிடும். மழை பெய்து ஊரெல்லாம் சந்தோஷப்படும்போது எனக்கு மட்டும் முகம் வாடுவதன் காரணம் இதுதான்.

ஒரு சனிக்கிழமை கணவனும் மனைவியும் வந்திருந்தபோது உருளை ஓடிக்கொண்டிருந்தது. மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போது போஜன் வந்தார். எமரால்டு பக்கத்துப் படகர், கேரட் லாரி வைத்திருந்தார். முந்தின வாரம் லாரியின் மெயின் பட்டை உடைந்து ஒட்டச் சொல்லி வந்தவரை, ஸ்பிரிங் பட்டைக்கு வெல்டிங் ஆகாதுங்க, புதுசு போடுங்க என்று திருப்பி அனுப்பியிருந்தேன். அவர் வேறெங்கோ ஒட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கியிருக்கிறார். பர்லியாரு தாண்டுமுன் பட்டை மறுபடி போய்விட்டது. யாருக்கும் அடி இல்லை. கேரட் மட்டும் ரோட்டில்.

"பாருங்க, ஒட்டு அப்படியே நிக்குது," என்று பட்டையை என் முன்னால் போட்டார் போஜன். உண்மைதான். ஒட்டு அசையவில்லை. ஒரு விரல் தள்ளி, நல்ல பட்டைதான் முறிந்திருந்தது. ஒட்டியவர் சூடு ஆறுமுன் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எல்லோரும் அவசரப்படுத்துவதால் இந்த மலையில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். பட்டை அந்த இடத்தில் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

சிஸ்டர் குனிந்து முறிவைப் பார்த்தார். டிஸ்பென்சரியில் பார்ப்பது போலவே விரலால் தடவினார்.

"எலும்பும் இப்படித்தாங்க. சேந்த இடத்துல மறுபடி முறியாது, அதுக்குப் பக்கத்துலதான் முறியும். அதுனாலதான் மாவுக்கட்டை முறிவுக்கு மேலயும் கீழயும் நீளமா இழுத்துப் போடுறாங்க. உங்க ஒட்டுக்கும் நீளமா ஒரு கட்டுப் போட முடியுமா?"

டிரையருக்குள் ராடு

போட முடிந்தது. ஒட்டின் இருபுறமும் முனை கூர்ந்த நீளத் தகடுகள் வைத்து, பலம் ஒரே இடத்தில் போய் நிற்காமல் மெல்ல மெல்லப் பரவும்படி வரைந்தோம். சாதாரண ராடு வேண்டாம், கனமான வேலைக்கு என்று தனியாக வரும் ராடை வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அந்த ராடுக்கு ஒரே ஒரு விரோதி, ஈரம். நம் ஊரில் பனிமூட்டம் கடைக்குள்ளேயே வந்து பெஞ்சில் உட்காரும். ஈரம் ஏறிய ராடில் வைத்த ஒட்டு பார்க்க நன்றாயிருக்கும், அறுத்துப் பார்த்தால் செல்லரித்த கட்டை போல உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். அந்த ராடை நல்ல சூட்டில் வறுத்துத்தான் எடுக்க வேண்டும். பெரிய கம்பெனிகளில் அதற்கென்றே அடுப்பு உண்டு. என்னிடம் மண்ணெண்ணெய் ஸ்டவ்தான் இருந்தது.

இதை செல்லையாவிடம் சொன்னது என் தப்பு. அவர் வேலை செய்வது டீ ஃபேக்டரியில். அங்கே இலையை உலர்த்த ஒரு பெரிய டிரையர் இரவும் பகலும் கொதித்துக்கொண்டிருந்தது. ராடுகளைத் தகர டப்பாவில் போட்டு அதன் ஓரத்தில் செருகிவிட்டார். டீத்தூளைப் போல அக்கம்பக்கத்து வாசனையைப் பிடித்துக்கொள்வது வேறொன்றும் இல்லை. சோப்புக் கட்டியோடு ஒரே பையில் வைத்தவர்களுக்குத் தெரியும். ராடின் மேல் பூசியிருக்கும் மருந்து சூடாகும்போது வருவது சோப்பு வாசனையும் இல்லை.

ஃபேக்டரியில் டீமேக்கர் என்று ஒருவர் இருப்பார். இலை உள்ளே வந்ததிலிருந்து மூட்டையாகி வெளியே போகும்வரை அவர் மூக்குத்தான் பொறுப்பு. அவர் முகர்ந்துகொண்டே வந்து டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார். சிஸ்டர் வேலையைக் காப்பாற்றப் போய் செல்லையா வேலையும் போகிற நிலைமை. விஷயம் தெரிந்து பயந்துபோய் ராடைத் திரும்ப வாங்கிக்கொள்ள நானே அங்கே போனேன். டீமேக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, எங்களை ஃபேக்டரிக்குப் பின்னால் டிரையருக்கு விறகு எரிக்கிற உலைக்கு அழைத்துப் போனார். உலையின் செங்கல் சுவரில் ஒரு மாடம் இருந்தது. அங்கே டப்பாவை வைத்தார். அங்கிருந்து வாசனை இலைக்குப் போகாது, சூடும் குறையாது. கொஞ்சம் தள்ளி விறகுச் சாம்பல் இடுப்பளவு குவிந்திருந்தது. இன்னும் உள்ளே கதகதப்பாக இருந்தது. ஒட்டி முடித்த கையை அதில் புதைத்துவிட்டால், தண்ணீர் யாரும் ஊற்ற முடியாது, தானாக மெல்ல ஆறும் என்று எனக்குத் தோன்றியது. கேட்கக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

"சாம்பலு எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க," என்றார் டீமேக்கர். "ஆனா ஏலத்துல டீயை ருசி பாக்கறவன் இதுல வெல்டிங் வாசம் அடிக்குதுன்னு எழுதிட்டான்னா, நான் எந்தச் செடியைக் காட்டி இதுதான் காரணம்னு சொல்லுவேன்?"

கோயமுத்தூர் பார்த்துவிட்டு வந்தது

எல்லாம் தயாரான பிறகு செல்லையாவுக்குச் சந்தேகம் வந்தது. கோயமுத்தூரில் இப்போதெல்லாம் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்து அழுத்தினால் கம்பி தானாக ஓடி ஒட்டுகிறதாம், ராடே வேண்டாமாம் என்றார். போய்ப் பார்த்து வாருங்கள் என்று பைப் துண்டுகள் கொடுத்தனுப்பினேன். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான்.

இரண்டு துண்டு ஒட்டிக்கொண்டு வந்தார். முதலாவது துப்பாக்கியில் வைத்தது. மீன் செதில் போல ஒரே அளவாக இருந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. குறுக்கே அறுத்துப் பார்த்தோம். பாதி நீளத்துக்கு இரும்பின்மேல் உட்கார்ந்திருந்தது, உள்ளே போகவில்லை. முறையைக் குறை சொல்ல மாட்டேன், மெல்லிய தகட்டுக்கு வைத்திருந்த அளவிலேயே கனமான பைப்புக்கும் வைத்துவிட்டார்கள். இரண்டாவது, காற்று படாமல் ஆர்கான் கேஸை ஊதிக்கொண்டே வைத்தது. அதையும் அறுத்தேன். இரும்பு எங்கே முடிகிறது, ஒட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்படி ஓர் ஒட்டை நான் வைத்ததில்லை, வைக்கவும் மாட்டேன். இதையே செய்துவிடுங்கள், நான் விலகிக்கொள்கிறேன் என்று செல்லையாவிடம் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆர்கான் வைத்தவரிடம் அவரும் அதைத்தான் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் வண்டி எங்கே ஓடப் போகிறது, யார் ஓட்டப் போகிறார்கள் என்றெல்லாம் விசாரித்தாராம். முன்சக்கரத்துக் கையை வருஷம் ஒருதரமாவது கழற்றி, விரிசல் ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வைத்தவரே பார்த்தால் நல்லது என்றாராம். மலைமேல் காற்றில் இந்தக் கேஸ் நிற்காது, ஒவ்வொரு முறையும் கீழேதான் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறார். செல்லையா அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்:

"ஏனுங்க, என்ற ஒட்டு நல்லாத்தான் இருக்கும், ஆனா மழை நாள்ல அந்த வளைவுல சக்கரம் ஒரு பக்கமா இழுத்துச்சுன்னா, கூப்பிட்ட குரலுக்கு நானுங்களா வரப் போறேன்?"

ஐந்தாவது கை

ஆர்க் என்று முடிவானது. இருப்பதிலேயே நல்லது என்பதால் அல்ல. இந்த மலையில், எங்கள் கரண்டில், எங்கள் ஈரத்தில், நாங்களே செய்து நாங்களே திரும்பத் திரும்பப் பார்க்கக்கூடியது அதுதான். எஸ்டேட் ஃபேக்டரியிலும் உருளை ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் செட்டை எஸ்டேட்டுக்கே கொண்டுபோய், உலைக்குப் பக்கத்தில் வைத்தேன். ராடு மாடத்திலிருந்து சுடச்சுட வந்தது. பைப்பைக் கேஸ் சுடரால் கொஞ்சம் காயவைத்து, ஒரு பக்கம் சிறிது, எதிர்ப்பக்கம் சிறிது என்று மாற்றி மாற்றி வைத்தேன். அப்படி வைத்தால் முறுக்காது. ஒவ்வொரு கையும் முடிந்ததும் சாம்பலுக்குள் போனது.

ஐந்து செய்தேன். நான்கு போதுமே என்றார் செல்லையா. ஒன்றை உடைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அந்தப் பைப்புக்கு அவர் எத்தனை கடை ஏறி இறங்கினார் என்று எனக்குத் தெரியும். ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம், அதுவும் நல்லதுதானே என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சிஸ்டர்தான், எது உடைபட வேண்டும் என்று தானே எடுத்துத் தருவதாகச் சொல்லி, சாம்பலிலிருந்து எடுத்து வரிசையாக வைத்திருந்த ஐந்தில் நடுவில் இருந்ததைத் தடியால் தொட்டார். நான் ஒன்றை மட்டும் நன்றாகச் செய்து உடைப்பதற்கென்று ஒதுக்கியிருக்கலாம் அல்லவா. அப்படிச் செய்யவில்லை, ஆனால் அவர் அதையும் யோசித்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

கையின் ஒரு முனையை ஃபேக்டரித் தூணில் பூட்டி, மறு முனையில், மெஷின்களைத் தூக்குகிற செயின் பிளாக்கை மாட்டி இழுத்தோம். கார் முழுவதையும் தூக்கக்கூடிய அளவுக்கு இழுத்தாயிற்று. ஒன்றும் ஆகவில்லை. இன்னும் இழுத்தோம். பைப் முனகியது. பிறகு தகடு முடிகிற இடத்துக்கு அப்பால், மெல்ல, வெயிலில் வாழைமட்டை தொங்குவது போல வளைந்தது. வளைந்துகொண்டே போனது. உடையவில்லை. ஒட்டிலும் அதன் பக்கத்திலும் விரிசல் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தேன். உடைவதென்றால் சொல்லாமல் போய்விடும். வளைவதென்றால், சக்கரம் சாய்ந்து, ஸ்டியரிங் இழுத்து, நிறுத்து நிறுத்து என்று நமக்குச் சொல்லிவிட்டுத்தான் போகும்.

செல்லையா வளைந்த கையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "கல்யாணத்துக்கு எடுத்த சீலையைக்கூட நான் இப்புடி இழுத்துப் பாத்து வாங்கலையே, சிஸ்டர்."

இறக்கம்

மே மாதக் கடைசியில் வண்டி தயாரானது. எஸ்டேட் ரோட்டில் மட்டும்தான் ஓடும், வெளியே வராது. மழை இன்றோ நாளையோ என்றிருந்தது. கீழ் டிவிஷனுக்கு சிஸ்டர் முதல் முறை ஓட்டிப் போவதைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். மேல் ரோட்டில் செல்லையா அவருக்கு ஏற்கனவே ஓட்டப் பழக்கியிருந்தார். டிஸ்பென்சரி வாசலில் துரை நின்றிருந்தார். கூட டீமேக்கரும் நாலைந்து பேரும். நான் ஓரமாக, டிஸ்பென்சரி போர்டுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

செல்லையா முன் சீட்டில் ஏறப் போனார். சிஸ்டர் அவரை வேண்டாம் என்று தடுத்துவிட்டு, என்னைத் தேடிக் கூப்பிட்டார்.

"நீங்க வாங்கண்ணே. இவரு வந்தா வளைவுக்கு வளைவு பிரேக், பிரேக்னு கத்துவாரு. நீங்க பேச மாட்டீங்க."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். லாரி, ஜீப், டிராக்டர், எஸ்டேட் டிரெய்லர் என்று எத்தனையோ வண்டிக்கு ஒட்டியிருக்கிறேன். நம்பிப் போங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆனால் நான் ஒட்டிய வண்டி எதிலும் நான் ஏறியதில்லை. வேண்டுமென்றே செய்ததில்லை. ஒட்டி முடித்தால் அவர்கள் போய்விடுவார்கள், நான் அடுத்த வேலையைப் பார்ப்பேன், வீட்டுக்கு நடந்து போவேன். உங்களிலும் பல பேர் அப்படித்தான் இருப்பீர்கள். சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தியபோதுதான் இது எனக்கு உறைத்தது.

முதல் வளைவுக்கு முன்பே பனிமூட்டம் வந்துவிட்டது. ரோட்டில் பாதி தார், பாதி கல். சிஸ்டர் கியரை மாற்றவில்லை, கைக் கிளச்சைத் தொடக்கூட இல்லை, கீழ் கியரிலேயே இன்ஜின் இழுக்க இறக்கினார். வலப்பக்கம் வளைந்து திரும்பும்போது வண்டியின் கனம் முழுக்க வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். அதாவது என் பக்கத்துக்கு, என் காலுக்கு ஓரடி முன்னால் இருந்த இரண்டு கைகளுக்கு. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் தேயிலைச் செடி, அதற்குக் கீழே செடி, அதற்கும் கீழே வெள்ளையாக ஒன்றுமில்லாதது. காதை மட்டும் கீழே வைத்துக்கொண்டேன். கல்லில் ஏறும்போது ஸ்பிரிங் சத்தம் கேட்டது. அது சரி. ஒரு பள்ளத்தில் டக்கென்று ஒன்று கேட்டது. கீழ்க்கையின் இடது ஒட்டு, மூன்றாவதாக வைத்தது, ராடு மாற்றும்போது ஒரு கணம் நின்றேனே அங்கேயா என்று நினைத்தேன். பின் சீட்டில் மருந்துப் பெட்டி நகர்ந்து கதவில் இடித்திருந்தது. சிஸ்டர் திரும்பிப் பார்க்காமல், "அது டெட்டால் பாட்டில்," என்றார்.

கடைசி வளைவில் எதிரே கொழுந்து லாரி ஏறி வந்தது. சிஸ்டர் ஓரத்துக்கு ஒதுங்கி நிறுத்தி வழி விட்டார். லாரி டிரைவர் வேகத்தைக் குறைத்து, வண்டியை முன்னும் பின்னும் பார்த்து, தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். மறுபடி நகர்ந்தபோது ஸ்டியரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. சிஸ்டர் ஒரு கையைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்துப் பார்த்ததைக் கவனித்தேன்.

பிள்ளைக் காப்பகத்து வாசலில் நின்றோம். தொழிலாளர் லயத்துப் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். சிஸ்டர் கைத்தடியை ஊன்றி இறங்கி, ஒரு பிள்ளையை வாங்கி எடை பார்க்க உள்ளே போய்விட்டார். நான் இறங்கி, ரோட்டில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்தேன். கைக்கு இரண்டாக எட்டு ஒட்டு. ஒவ்வொன்றாகக் கைவிரலால் தடவினேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. வெளியே வந்தபோது முதுகெல்லாம் சேறு.

மறுபடி மேலே ஏறி வந்தபோது மழை பிடித்துவிட்டது. துரை இன்னும் வாசலில்தான் இருந்தார், குடையோடு. வண்டியைச் சுற்றி வந்து, முன்சக்கரத்துக்கு அருகே குனிந்து பார்த்தார். சிஸ்டர் சீட்டிலேயே இருந்தார், இறங்கவில்லை. துரை நிமிர்ந்து குடையை அவர் பக்கமாகச் சாய்த்தார்.

"சிஸ்டர், இனிமே கீழே போறப்ப தபால் பையையும் எடுத்துட்டுப் போயிடுங்க. லாரிக்காரன் நனைச்சிடறான்."

எனக்குத் தெரிந்து வெல்டிங்கில் நான்கைந்து முறைகள் இருக்கின்றன, அவற்றில் எது நல்லது என்பது ஒட்டியவனே அதன்மேல் உட்கார்ந்து ஓர் இறக்கம் இறங்கும்வரை அவனுக்குக்கூடத் தெரிவதில்லை.